மேற்படி பிள்ளை

அம்பிட்டிய,
கண்டி.
25.02.2008

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய விவேகானந்தன் மச்சான் அவர்களுக்கு,

நவரட்ணராஜா எழுதிக்கொள்வது. இங்கே நானும் இராசமணியும் மகள் சிவறஞ்சினியும், எனது இடது முழங்காலைத் தவிர, எல்லா வகையிலும் சுகம். வெள்ளவத்தையில் நீங்களும் சரோஜினிதேவி அக்காவும் மகன் தயாபரனும் கடற்காற்றோடும் கரைச்சல் இல்லாமலும் இருக்க வேண்டுமென்று கட்டுக்கலைப் பிள்ளையாரை மன்றாடிக்கொண்டு இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். கையெழுத்துக் கொஞ்சம் ஆடும். பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை ஏன் கணினியில் அடிக்காமல் கையால் எழுதுகிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

உங்கள் பதிவுத்தபால் போன வெள்ளிக்கிழமை கிடைத்தது. மகளின் சாதகக் குறிப்பும் படமும் மடிப்புக் குலையாமல் உள்ளே இருந்தன. கூடவே நீங்கள் எழுதிய இரண்டு வரி. "இப்படியான சங்கதி உள்ள இடத்தில் நாங்கள் கைநனைப்பது சரிவராது. எங்கள் பெயரை எந்த இடத்திலும் எவரிடமும் சொல்லாமல் விடவும்." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன சங்கதி என்று விறாந்தையில் கதிரையைப் போட்டு யோசித்துக்கொண்டே இருந்தேன். எனது சீனி வருத்தத்தை யாராவது சொல்லிவிட்டார்களா, அல்லது இராசமணியின் மாமா ஒருவர் 1958இல் ஒரு நாடகக்காரியோடு போனது இப்போதுதான் வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்ந்ததா என்றெல்லாம் மனம் அலைந்தது. மத்தியானம் முழுக்க ஹந்தானைப் பக்கமிருந்து மஞ்சு இறங்கி வந்து எங்கள் முற்றத்துக் கொய்யா மரத்தை மூடியது, பிறகு விட்டது, பிறகு மூடியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே உங்கள் இரண்டு வரியையும் நாற்பது தரம் வாசித்திருப்பேன். இராசமணி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு, "என்னப்பா, கடிதத்தைப் பாத்துப் பாத்து அதிலை புது வரியே முளைக்கப் போகுது?" என்று கேட்டா. அடுத்த நாள் சனிக்கிழமைதான் எல்லாம் விளங்கியது.

மச்சான், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மகளை யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. இந்த நிமிடம் அவள் ஹோலில் இருந்து ஒன்பதாம் வகுப்புக் கணிதத் தாள்களைத் திருத்திக்கொண்டு, பைதகரசின் தேற்றத்தைக் கொலை செய்த பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு இருக்கிறாள். நான் தை மாதக் கடைசியில் உங்களுக்கு அனுப்பிய கடிதத்தின் இரண்டாம் பந்தியில், மகளின் குணநலன்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் என்ன இருந்தது என்பது இப்போது எனக்குத் தெரியும். "மேற்படி பிள்ளை இம்மாதம் 9ஆம் திகதி காலை ஆறரை மணியளவில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டார். எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பது இன்றுவரை குடும்பத்துக்குத் தெரியாது. இவர் எந்த இயக்கத்தோடும் எவ்விதத் தொடர்பும் இல்லாதவர். விசாரித்து விடுவித்துத் தருமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்." அதற்கு அடுத்த பந்தி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "மாப்பிள்ளையின் விருப்பத்தை அறிய ஆவலாக உள்ளோம்." இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்த சரோஜினிதேவி அக்காவின் முகத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வேர்க்கிறது.

இது நடந்த விதத்தை ஆதியிலிருந்து சொன்னால்தான் சரி. கச்சேரியில், அரசாங்க அதிபரின் கந்தோரில், முப்பத்தொரு வருடம் இலிகிதராகவும் பிரதம இலிகிதராகவும் இருந்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பென்சன் எடுத்த பிறகும் விரல் சும்மா இருக்கவில்லை. எனது தட்டச்சு இயந்திரம் எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடியில், திருத்தக் கொடுத்திருந்த கடையோடு சேர்ந்து எரிந்து போனது. கரியாகிப் போன அந்தச் சட்டத்தில் 'ழ' மாத்திரம் எரியாமல் நின்றதைக் கண்ணால் பார்த்தேன். அதன்பின் கந்தோர் இயந்திரங்களிலும், பென்சனுக்குப் பிறகு மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் தாஸிம் நானாவின் கொமினிக்கேசன் கடை மேல்மாடியிலும் அடித்து வருகிறேன். நல்ல இடம். யன்னலால் பார்த்தால் வாவியில் ஒரு துண்டு தெரியும், அதற்கு மேலே மலை, மலைக்கு மேலே மஞ்சு. அங்கே இருந்து முன்பெல்லாம் இடமாற்றக் கடிதம், பாடசாலை அனுமதிக் கடிதம், கனடாவுக்கு ஸ்பொன்சர் கடிதம் என்று அடிப்பேன். இரண்டு வருடமாக வருகிற கடிதம் ஒன்றே ஒன்றுதான். மகனைக் காணவில்லை, புருஷனைக் கொண்டுபோய்விட்டார்கள், தம்பி பொலிஸ் பதிவுக்குப் போனவன் திரும்பவில்லை. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் திகதியும் மாறும். மற்ற எல்லாம் ஒன்றுதான். ஒரே பந்தியை நாளுக்கு ஐந்து தரம் அடித்து எனக்குக் கனவிலும் அந்தப் பந்தி வரத் தொடங்கியது. கனவில் அதை நான் கச்சேரிச் சுவரில் விரலால் எழுதிக்கொண்டே போவேன், சுவர் முடியவே முடியாது.

என் பாட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத்தான் தாஸிம் நானா அந்தச் சாமானைக் கணினியில் போட்டுத் தந்தார். அலவத்துகொடக்காரர், தங்கமான மனுஷன். "மாஸ்டர், நீங்க ஒண்டையே திரும்பத் திரும்ப அடிச்சி ஏன் விரல ஒடச்சிக்கிறீங்க? இது கிளிப்போட் மனேஜர். நீங்க கொப்பி பண்ணுற எல்லாத்தையும் இது வச்சிக்கிட்டு ஈக்கும். அம்பது வரைக்கும் மறக்காது. நம்பர அமத்தினா அந்த இடத்துல வந்து ஒட்டும். நேரம் மிச்சம்" என்றார். நான் கேட்டேன், "மனேஜரோ? எனக்கு மேலை பதினொரு அதிகாரியள் இருந்திட்டுப் போயிட்டினம் நானா. ஒருத்தரும் ஒரு விசயத்தையும் ஞாபகம் வைச்சிருக்கேல்லை. இது எப்பிடி?" அவர் சிரித்துவிட்டு, "இது புத்திசாலி மனேஜர் மாஸ்டர். எது உங்களுக்கு அடிக்கடி வேணுமோ அதத் தானா மேல கொண்டு வந்து வைக்கும். நீங்க ஒண்டும் யோசிக்க வாணாம்" என்றார். நான் ஒன்றும் யோசிக்கவில்லை மச்சான். அதுதான் பிழை.

முதல் மாதம் எனக்குச் சொர்க்கம். முக்கால் மணித்தியாலக் கடிதம் பத்து நிமிடத்தில் முடிந்தது. மிச்சம் பிடித்த நேரத்தை என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். யன்னலால் பார்த்தேன். உண்மையாகவே அதைத்தான் செய்தேன். வாவியில் நீர்க்காகம் ஒன்று மரக்கட்டையில் இருந்து சிறகை விரித்துக் காயவிடும், அதன் சிறகு காயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். மத்தியானத்துக்கு மேல் மஞ்சு இறங்கினால் மலை முதலில் போகும், பிறகு மரங்கள் போகும், பிறகு வாவி போகும், கடைசியில் கண்ணாடியில் என் முகம் மாத்திரம் இருக்கும். ஆட்களைக் காணவில்லை என்று கடிதம் அடிக்கிற ஒருவன் மலையையும் காணாமல் பார்த்துக்கொண்டிருப்பது நல்ல பழக்கமில்லை என்று நினைத்ததுண்டு. ஆனால் அந்த நேரத்தில் மனம் பஞ்சு மாதிரி ஆகிவிடும். கீழே தெருவில் பஸ்களை மறித்துப் பைகளைத் திறந்து பார்ப்பார்கள், அந்தச் சத்தம்கூட எங்கேயோ தண்ணீருக்கு அடியில் நடப்பது போலக் கேட்கும்.

வடிவம்மா வந்தது தை 29ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற மனுஷி. தோட்டத்து லய வீட்டிலிருந்து அவ்வளவு தூரமும் நடந்தே இறங்கி வந்து, படியேறி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. "ஐயா, எம் மகன் தியாகராஜாவ புடிச்சிட்டுப் போயி இருவது நாளாச்சுங்க. டவுன்ல பேக்கரியில வேல செய்றான். காலையில பஸ்ஸுல போறப்ப எறக்கிட்டாங்க. மூணு பொலிஸுக்குப் போயிட்டேன். அப்படி ஒரு ஆளே இல்லங்கிறாங்க" என்றது. ஏன் பிடித்தார்கள் என்று கேட்டேன். "அவன் பொறந்தது வவுனியாவுலங்க. எழுபத்தேழுல லயத்தக் கொளுத்துனப்ப நாங்க அங்கிட்டு ஓடிப் போனோம். அங்க வச்சித்தான் அவன் பொறந்தான். அப்புறம் இங்கயே திரும்பி வந்துட்டோம். அட்டையில வவுனியான்னு இருக்கு, அவ்வளவுதாங்க அவன் செஞ்ச குத்தம்." நான் கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை. "நீங்க எழுதுங்க ஐயா. நல்லா எழுதுவீங்கன்னு சொன்னாங்க" என்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றது. நல்லா எழுதுவீங்க என்றதைக் கேட்டு எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் எழுதுவதில்லை, இலக்கத்தை அமத்துகிறேன் என்று அந்த மனுஷிக்கு எப்படிச் சொல்வது?

அதே நாள் மத்தியானம்தான் உங்களுக்கும் கடிதம் அடிக்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். பிரதம இலிகிதராக இருந்தவனுக்கு 'மேற்படி' என்ற சொல் இல்லாமல் பந்தி தொடங்க வராது. காணாமல் போனவர்களுக்கான பந்தியும் "மேற்படி பிள்ளை" என்றுதான் தொடங்கும். மகளின் குணநலப் பந்தியும் "மேற்படி பிள்ளை" என்றுதான் தொடங்கும். தாயோ தகப்பனோ வந்து நிற்கும்போது எத்தனை வயதானாலும் பிள்ளை என்றுதானே எழுத வரும்? இதற்கு மேலே இன்னொன்று. எங்கள் தமிழ் எழுத்து அந்த மனேஜரின் பட்டியலில் தமிழாகத் தெரியாது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து, கோழி கிளறிய முற்றம் மாதிரித் தெரியும். அதிலும் முதல் இரண்டு சொல் மாத்திரம். ஆகவே நான் எழுத்தைப் பார்ப்பதில்லை, இலக்கத்தைத்தான் நம்புவேன். ஒன்று காணாமல் போனவர்கள், இரண்டு மகள். மகளின் பந்தியை நான் அதற்கு முந்திய கிழமை முழுக்கத் திருத்தித் திருத்தி, கொப்பி பண்ணிப் பண்ணி வைத்திருந்தேன். 'அமைதியான' என்பதா 'சாந்தமான' என்பதா என்று மட்டும் ஒன்பது தரம். புத்திசாலி மனேஜர் என்ன செய்தது? இந்தப் பிள்ளைதான் இவருக்கு அடிக்கடி வேணும் என்று கண்டுபிடித்து, ஒரு சொல் சொல்லாமல், மகளை ஒன்றாம் இடத்துக்கு ஏற்றிவிட்டு மற்றதை இரண்டுக்கு இறக்கிவிட்டது.

வெளியே தூறல். வடிவம்மா வாசற்கதவோடு நிற்கிறது. நான் பெயரையும் அட்டை இலக்கத்தையும் அடித்துவிட்டு இலக்கத்தை அமத்தினேன். திகதியை மாற்ற வேண்டிய இடத்தையாவது பார்த்திருக்கலாம். ஆனால் அந்த மனுஷி சொல்லச் சொல்லவே திகதியையும் பஸ்ஸையும் பந்தியில் திருத்தி வைத்துவிட்டேன் என்ற நிம்மதி. அச்சு எடுத்து, அந்த மனுஷியிடம் கைநாட்டு வாங்கி, உறையில் போட்டுக் கொடுத்தேன். அந்த மனுஷி போனதும் உங்கள் கடிதம். மகளின் பெயரை அடித்தேன். அடித்ததும் மனம் எங்கேயோ போய்விட்டது. அவளுக்கு நாலு வயதில் வாவிக்கரையில் மீனுக்குப் பொரி போடக் கூட்டிக்கொண்டு போவேன். கைநிறையப் பொரியை ஒரேயடியாக எறியாமல், ஒவ்வொன்றாக எண்ணிப் போடுவாள். கடைசி மீனுக்கும் கிடைத்ததா என்று குனிந்து பார்ப்பாள். இந்தப் பிள்ளை இன்னொரு வீட்டுக்குப் போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு, மஞ்சுக்குள்ளே இருந்த வாவியைப் பார்த்துக்கொண்டு, பார்க்காமலே இரண்டை அமத்தினேன். இரண்டு கடிதமும் அன்று மாலைத் தபாலில் போயின.

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பத்து மணி போல ஒரு ஆள் படியேறி வந்து, "இங்க கடிதம் எழுதுற மாஸ்டர் யாரு?" என்று கேட்டார். கையில் ஒரு கோப்பு. அப்படிக் கோப்போடு வந்து பெயர் கேட்டால் இந்தக் காலத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தாஸிம் நானா எழும்பி நின்றுவிட்டார். நான் எழும்ப முயன்றேன், முழங்கால் விடவில்லை. ஆகவே இருந்தபடியே, "ஓம், நான்தான்" என்றேன். அவர் முஹ்ஸின் என்று சொன்னார். ஆட்களைக் கொண்டுபோய்விட்டார்கள் என்ற முறைப்பாடுகளை எடுக்கிற கந்தோர் ஒன்றில் வேலை. கந்தோரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். கோப்பைத் திறந்து வடிவம்மாவின் கடிதத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். நல்ல கணீரென்ற குரல். "மேற்படி பிள்ளை சாந்தமான சுபாவம் உடையவர். பெரியோர் சொல்லைத் தட்டாதவர். வீணையில் ஐந்தாம் தரம் சித்தியடைந்தவர். மாநிறம். நீண்ட கூந்தல். படத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், தயவுசெய்து ஒரு முறை நேரில் வந்து பிள்ளையைப் பார்க்குமாறு அன்புடன் அழைக்கிறோம். பார்த்தால் உங்களுக்கே பிடிக்கும்."

மச்சான், கச்சேரியில் மூன்று கோடி ரூபாய்ப் பிழை கண்டுபிடித்தவன் நான். என் சொந்தப் பிழையை அந்த நிமிடத்தில்தான் கண்டேன். உங்கள் இரண்டு வரியும் கண்முன்னே வந்து நின்றது. இங்கே வீணை என்றால் அங்கே என்ன? ஐயோ பிள்ளையாரே என்று மேசையைப் பிடித்துக்கொண்டேன். "தம்பி, பெரிய பிழை நடந்திட்டுது. அந்த மனுஷியிலை ஒரு குற்றமும் இல்லை. எல்லாம் என்ரை பிழை" என்றேன். முஹ்ஸின் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"பிழையா? மாஸ்டர், எங்கட கந்தோருக்கு மாசத்துக்கு எத்தன கடிதம் வருதுண்டு தெரியுமா? முதல் வரியப் பார்த்தா கடைசி வரி மனப்பாடம். எல்லாம் ஒரே கடிதம். வாசிக்கிறல்ல. பதிவுல எழுதி, நம்பர் குத்தி, மேல அனுப்புற. இத நம்பர் குத்தக் கைய எடுக்கக்குள்ள வீணைண்டு ஒரு சொல் கண்ணுல பட்டுச்சி. நிப்பாட்டிட்டேன். மொதல்ல இருந்து வாசிச்சேன். சிரிப்புத் தாங்கேலா. கந்தோர்ல ஆறு பேரும் சிரிச்சோம். எத்தனையோ மாசத்துக்குப் பொறகு. 'பார்த்தால் உங்களுக்கே பிடிக்கும்'ண்டு, ஏற்கெனவே புடிச்சவங்களுக்கு எழுதின ஆள் நீங்க ஒருத்தர்தான்!"

அவர் கடிதத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "சிரிச்சி முடிஞ்சொடனே நான் திரும்ப ஒருக்கா வாசிச்சேன் மாஸ்டர். கலியாணத்துக்குப் பொண்ணு பார்க்கக் கூப்புடுற மாதிரி ஒரு தாய் கூப்புட்டு ஈக்கிறா, நேர்ல வந்து பாருங்கண்டு. நாங்க எத்தன வருஷமா கடிதத்த மட்டும் பார்க்கிறோம். ஒரு புள்ளையயும் பார்க்கல்ல. அடுத்த நாள் நானே போனேன்."

அவர் சொன்னது இதுதான். போன முதல் இரண்டு இடத்திலும் தியாகராஜா என்று ஆளே இல்லை என்றுதான் சொன்னார்களாம். வழக்கமாக அந்தப் பதிலை எழுதிக்கொண்டு திரும்பிவிடுவார். இந்தத் தரம், "நேர்ல பார்க்கச் சொல்லி எழுத்துல ஈக்கி, பார்த்துட்டுத்தான் போவேன்" என்று அடம்பிடித்திருக்கிறார். மூன்றாவது இடத்தில் உள்ளே விட்டார்கள். அறைக்குள் பதினான்கு பேர். "ஹந்தானை வடிவம்மாட மகன் யாரு?" என்று கேட்டாராம். ஒரு மூலையிலிருந்து ஒருவன் எழும்பியிருக்கிறான். பதிவில் அவனுக்குத் தகப்பன் பெயரான பெரியதம்பியைத்தான் அவன் பெயராக எழுதி வைத்திருக்கிறார்கள். தியாகராஜா என்று நூறு கடிதம் போட்டாலும் இல்லை என்றுதான் பதில் வந்திருக்கும். பேக்கரி முதலாளி வந்து கையெழுத்துப் போட, போன திங்கட்கிழமை ஆளை விட்டார்கள். முஹ்ஸின் எழும்பிப் போகும்போது, "மாஸ்டர், இனி ஒவ்வொரு கடிதத்தயும் வேற மாதிரி எழுதுங்க. வீணை வாணாம். அந்தந்தப் புள்ளையப் பத்தி எழுதுங்க" என்றார். தாஸிம் நானா அந்தப் புத்திசாலி மனேஜரை அப்போதே அழித்துவிடவா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அதற்குக் கொஞ்சம் கடமைப்பட்டிருக்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை வடிவம்மாவும் மகனும் அம்பிட்டியவுக்கு வந்தார்கள். பையில் சுடச்சுட இரண்டு றாத்தல் பேக்கரிப் பாண். தியாகராஜா முப்பது வயதுக்குக் கிட்டிய, மெலிந்த, பேச்சுக் குறைந்த மனுஷன். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசற்கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்காத மாதிரி நாங்கள் எல்லோரும் முற்றத்தைப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் அவனாகவே சொன்னான். "ஐயா, அந்தக் கடிதத்த வச்சி உள்ள கேட்டாங்க, ஒனக்கு வீணை வாசிக்கத் தெரியுமான்னு. எதுக்குக் கேக்கிறாங்கன்னே வெளங்கல. தெரியும்னா வுடுவாங்களோ, தெரியாதுன்னா வுடுவாங்களோன்னு யோசிச்சேன். தெரியும்னு சொல்லிட்டேங்க." மகள் றஞ்சி சிரிக்கத் தொடங்கி, நிறுத்தி, உள்ளே போய்த் தனது வீணையைக் கொண்டுவந்து அவன் முன்னால் பாயில் வைத்தாள். "பொய் சொன்னதாய் இருக்கக் கூடாது. ஒருக்காத் தட்டிப் பாருங்கோ" என்றாள். அவன் ஒரு விரலால் ஒரே ஒரு தந்தியைத் தட்டினான். அந்தச் சத்தம் ஓயும்வரை குனிந்து தந்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். வடிவம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. வெளியே மஞ்சு வந்து யன்னல் கம்பியில் நின்றது. எத்தனையோ காலத்துக்குப் பிறகு எனக்கு நல்ல நித்திரை வருவது போல இருந்தது, பகல் பதினொரு மணிக்கு.

ஆகவே மச்சான், நடந்தது இவ்வளவுதான். உங்கள் நிலையில் இருந்தால் நானும் பயந்துதான் இருப்பேன். வெள்ளவத்தையில் வீடு வீடாகப் பதிவு எடுக்கிற காலத்தில், இப்படி ஒரு கடிதம் வீட்டில் இருப்பதே ஆபத்து என்று நீங்கள் நினைத்ததில் பிழையில்லை. உங்களில் எனக்கு மனக்குறை துளியும் இல்லை. மகளின் சரியான பந்தியைத் தனித்தாளில் என் கையாலேயே எழுதி இத்துடன் வைக்கிறேன். இராசமணி மூன்று தரம் உரத்து வாசித்துச் சரிபார்த்தா. 'சாந்தமான' என்பதை அடித்துவிட்டு 'நேர்மையான' என்று போடச் சொன்னா, போட்டிருக்கிறேன். சாதகமும் படமும் திரும்ப வைத்திருக்கிறேன். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு வசதியான ஒருநாள் நீங்கள் குடும்பமாகக் கண்டிக்கு வந்து பிள்ளையைப் பார்த்துப் போக வேண்டும். பேராதனைப் பூங்காவும் பார்க்கலாம். பயணத்தில் அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

உங்கள் மூவருக்கும் நோயற்ற உடம்பும், தட்டப்படாத கதவும், நேரத்துக்கு வீடு வந்து சேர்கிற பஸ்ஸும் கிடைக்க வேண்டுமென்று வாழ்த்தி, சரோஜினிதேவி அக்காவுக்கு இராசமணியின் அன்பையும் தெரிவித்து முடிக்கிறேன்.

இங்ஙனம்,
பணிவுள்ள மச்சான்,
க. நவரட்ணராஜா

பி.கு.: உறையை ஒட்ட முதல் றஞ்சி இந்தக் கடிதத்தை வாங்கி வாசித்தாள். முழுவதையும் வாசித்தாள். பிறகு கணிதத் தாள் திருத்துகிற அதே குரலில் கேட்டாள். "அப்பா, அந்தப் பந்தியை அவையள் உண்மையெண்டுதானே நம்பினவை?" ஓம் என்றேன். "அப்ப, என்னைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள், எங்கை வைச்சிருக்கிறாங்களெண்டே தெரியாது எண்டு நம்பிக்கொண்டுதான் சாதகத்தை மடிச்சுப் பதிவுத்தபாலிலை போட்டவை?" ஓம் பிள்ளை என்றேன். "முஹ்ஸின் எண்டவருக்கு அந்தப் பிள்ளை ஆரெண்டே தெரியாது. அவர் தேடிப் போயிருக்கிறார். இவை சொந்தம். ஒரு போன் எடுத்து, பிள்ளை எங்கை, உயிரோடை இருக்கிறாளோ எண்டு கேக்கேல்லை. அந்த வீட்டுக்கோ என்னை அனுப்பப் போறியள்?" முப்பத்தொரு வருடத்தில் வந்த எல்லாக் கடிதத்துக்கும் பதில் எழுதினவன் நான். இந்தக் கேள்விக்குப் பதிலை எழுதாமல் செய்து காட்டினேன். இராசமணி உறையை எடுத்து என் கையில் தந்தா. சாதகத்தையும் படத்தையும் அந்தத் தனித்தாளையும் உறையிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். மேலே எழுதிய அழைப்பை இரத்தானதாகக் கருதவும்.

றஞ்சி வீட்டில் சுகமாக இருக்கிறாள். நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் எழுதுகிறேன்.